மாடித் தக்காளி: இந்த சீசனில் யாருக்காவது உருப்படியாக வந்ததா?

கேள்வி, கோரமங்களாவிலிருந்து. 11 ஏப்ரல் 2025

ஜனவரியில் நர்சரியில் நாற்று வாங்கி மொட்டை மாடியில் வைத்தேன். மார்ச் முதல் வாரம் வரை பச்சைப்பசேலென்று நின்றது. இப்போது பாதிச் செடிகளில் இலை சுருண்டுவிட்டது, பூவெல்லாம் கொட்டுகிறது, பிடித்த நாலைந்து காயிலும் அடிப்பக்கம் கறுப்பு. மண்புழு உரம், பஞ்சகவ்யா, மீன் அமிலம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. கடையில் கிலோ 20 ரூபாய்க்குக் கிடைப்பதை வீட்டில் வளர்ப்பது வீண் வேலை என்றுதான் தோன்றுகிறது. பெங்களூரு மாடியில் தக்காளி வராது என்று முடிவு கட்டிவிடலாமா?

12 ஏப்ரல்

வரும். எங்கள் வீட்டில் (லிங்கராஜபுரம், மூன்றாவது மாடிக்கு மேல், நாள் முழுக்க வெயில்) பொங்கல் சமயத்தில் முதல் பழம் பறித்தோம். மார்ச் கடைசி வரை கடைத் தக்காளி வாங்கவில்லை. போன வாரம்தான் மிச்சச் செடிகளைப் பிடுங்கினேன்.

நீங்கள் சொன்னது மூன்றும் மூன்று வேறு கோளாறு. இலை சுருள்வது வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். பூ கொட்டுவது சூட்டினால். அடியில் கறுப்பு விழுவது தண்ணீர் ஒழுங்காகப் போகாததால். இதில் எதற்கும் உரம் மருந்தில்லை.

ஜனவரியில் நட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. தக்காளி காய் பிடிக்க ராத்திரி குளிர்ச்சி வேண்டும். ராத்திரி 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். பகல் 35ஐ நெருங்கி, ராத்திரியும் 21, 22க்குக் கீழே இறங்காமல் போனால் மகரந்தம் கெட்டுவிடும், பூ காம்போடு உதிரும். நம் ஊரில் டிசம்பர், ஜனவரி ராத்திரிகள் 15, 16 டிகிரி. மார்ச் பாதியிலிருந்து பகல் 33, 34 என்று ஏறி, ராத்திரியும் 20ஐத் தாண்டிவிடும். ஜனவரியில் நட்ட நாற்று பூத்துக் குலுங்கும் நேரமும் வெயில் தொடங்கும் நேரமும் ஒன்றாக வருகிறது. வெள்ளை ஈ பெருகுவதும் அதே பிப்ரவரி, மார்ச்சில்தான்.

நான் விதை போடுவது செப்டம்பர் கடைசியில். மழைக்கு நனையாத இடத்தில், படிக்கட்டுக் கூரைக்குக் கீழே நாற்று வளரும். அக்டோபர் கடைசியில், பெருமழை ஓய்கிற சமயம், பையில் நடவு. டிசம்பரில் பூ, ஜனவரி நடுவிலிருந்து பழம். உரத்தைப் பற்றி நாம் பேசுகிற அளவுக்குத் தேதியைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அது பெரிய ஆதங்கம். இந்த ஊரில் தக்காளியின் தலையெழுத்தைப் பாதிக்கு மேல் எழுதுவது விதை போடும் வாரம்தான்.

13 ஏப்ரல்

முட்டை ஓடு போட்டால் காயின் அடியில் கறுப்பு விழுவது நிற்குமா என்று கேட்டவருக்கு.

அடி அழுகலுக்குக் கால்சியம் குறைவு காரணம் என்பது உண்மை. ஆனால் மண்ணில் குறைவு என்று அர்த்தமில்லை, காயின் அடிக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கால்சியம் தண்ணீரோடுதான் மேலே ஏறும். இலைகள்தான் அதிகமாக ஆவி விடும், அதனால் தண்ணீர் முதலில் அங்கே போகிறது. பை ஒரு நாள் காய்ந்து, மறுநாள் குளமாகி, மறுபடி காய்ந்தால் காயின் நுனிதான் முதலில் பட்டினி கிடக்கும். முட்டை ஓடு மண்ணில் கரைந்து செடிக்குக் கிடைக்க மாதக்கணக்கு ஆகும். அடுத்த சீசன் மண்ணுக்குப் பொடித்துப் போடலாம். இப்போது கறுத்த காயை அது காப்பாற்றாது.

வேண்டியது மூன்று. பை பெரிதாக இருக்க வேண்டும், ஒரு செடிக்கு 20 லிட்டர் பெயின்ட் வாளி அளவாவது. மேலே காய்ந்த இலை மூடாக்கு ஒரு சாண் கனத்துக்கு. தண்ணீர் தினமும் ஒரே நேரத்தில். மார்ச் வந்ததும் காலையிலும் மாலையிலும் பாதிப் பாதியாக ஊற்றுவேன். சிமெண்ட் தரை மேல் நேராகப் பையை வைக்காதீர்கள், செங்கல் மேல் வையுங்கள். மதியம் தளத்தில் வெறும் காலை வைத்துப் பார்த்தால் வேரின் நிலைமை புரியும்.

கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். அது தொற்று நோய் இல்லை, பக்கத்துச் செடிக்குப் பரவாது.

13 ஏப்ரல், இரவு

மூடாக்குக்குத் தேங்காய் மட்டை நாரும் போடலாமா என்றால், போடலாம். புது நாரில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தரம் அலசிவிட்டுப் போடுங்கள்.

15 ஏப்ரல்

இலைச்சுருட்டல். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மாடித் தோட்டக்காரர்கள் அதிகம் குழம்புவது இதில்தான்.

சுருள்வதெல்லாம் வைரஸ் இல்லை. வெயில் ஏறும்போது தக்காளி தன் கீழ் இலைகளை விளிம்பு மேலே வருகிற மாதிரி குழலாகச் சுருட்டிக்கொள்ளும். தொட்டால் இலை தடிப்பாக, தோல் மாதிரி இருக்கும். நிறம் மாறாது. நுனிக் குருத்து நன்றாக வந்துகொண்டிருக்கும். இது வெயிலுக்கான தற்காப்பு, விட்டுவிடலாம்.

வைரஸ் வந்தால் கோளாறு நுனியில் தெரியும். புது இலைகள் நகம் அளவுக்குச் சிறுத்து, கிண்ணம் போலக் குவிந்து, விளிம்பில் மஞ்சள் ஓடும். நரம்புகளுக்கு நடுவே இலை சொரசொரவென்று மேடு தட்டும். கணுவுக்குக் கணு இடைவெளி குறைந்து, நுனி முழுக்க ஒரு கொத்தாக நின்றுவிடும். அதற்கு அப்புறம் அந்தச் செடி வளராது. பூத்தாலும் காய் பிடிக்காது. இதற்கு மருந்து கிடையாது. மோர்க்கரைசல் தெளித்துப் புது இலை நன்றாக வந்தது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது வெயில் சுருளாகத்தான் தெரிகிறது.

வைராலஜிஸ்டுகளின் பட்டியலில் டொமேட்டோ லீஃப் கர்ல் பெங்களூர் வைரஸ் என்று ஒன்று தனியாகவே இருக்கிறது. அந்த அளவுக்கு இது நம் ஊர்க்காரன். அதனால் வந்தபின் மருந்து தேடுவதை விட, நாற்றின் முதல் மாதத்தைக் காப்பாற்றுவதில் நான் முழு பலத்தையும் போடுகிறேன். பிஞ்சிலேயே வைரஸ் ஏறினால் செடி ஒன்றுமில்லாமல் போகும். காய் பிடித்த பிறகு ஏறினால் இருக்கிற காயாவது பழுக்கும்.

என் வழி இது. விதைத் தட்டின் மேல் நைலான் வலை, கொசுவலையை விட நெருக்கமான கண்ணி. நட்ட பின்னும் முதல் சில வாரம் நாலு குச்சி நட்டு அதே வலை. காலை வெயில் ஏறுமுன் செடியை லேசாகத் தட்டுவேன். இலைக்கு அடியிலிருந்து சாம்பல் உதிர்வது போல வெள்ளையாக எழும்பினால் ஈ வந்துவிட்டது. அன்றே மஞ்சள் ஒட்டு அட்டை கட்டுவேன், சாயங்காலம் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கரைய கொஞ்சம் சோப்புக் கரைசல். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், மேலே மட்டும் அடித்தால் பலன் இல்லை. நண்பகலில் அடித்தால் இலை கருகும்.

சுருண்ட செடியைப் பிடுங்க மனசு வராது, எனக்குத் தெரியும். ஆனால் அதை வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அடுத்த செடிக்கு ஈ வைரஸைச் சுமந்து போகிறது. முதலில் ஒரு பிளாஸ்டிக் கவரைச் செடி மேல் கவிழ்த்துக் கட்டி, அப்புறம் பிடுங்குங்கள். அப்படியே பிடுங்கினால் அத்தனை ஈயும் பறந்து பக்கத்துச் செடியில் உட்காரும்.

20 ஏப்ரல்

என்ன ரகம் என்று நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள்.

நான் போடுவது இரண்டு. ஒன்று பி.கே.எம் 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த ரகம். தேனிப் பக்கத்து அன்னஞ்சி உள்ளூர்த் தக்காளியில் மரபு மாற்றம் தூண்டி எடுத்தது. தட்டை உருண்டை, தோள்பட்டையில் பச்சை வளையம், நல்ல புளிப்பு. அம்மாவுக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம், அதனால் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. இது ரகம், வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) இல்லை. விதை எடுத்து அடுத்த வருஷம் போடலாம்.

இன்னொன்று அர்க்கா ரக்ஷக். நம் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வீரிய ஒட்டு. இலைச்சுருட்டல், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். காய் 90 முதல் 100 கிராம் வரும், கெட்டியான சதை, பறித்து இரண்டு வாரம் வெளியில் வைத்தாலும் தளராது. இந்த ஊர் வைரஸுக்கு நடுவே, இந்த ஊரிலேயே பொறுக்கி எடுத்தது. முதல் தடவை தக்காளி போடுபவர் யாராக இருந்தாலும் இதில் தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். விதையை நிறுவனத்தின் விற்பனை இடத்திலேயே வாங்கலாம், இணையத்திலும் விற்கிறார்கள். பின்பருவக் கருகலையும் சேர்த்துத் தாங்கும் அர்க்கா அபேத் என்று ஒன்று அதே நிறுவனத்திலிருந்து வந்திருக்கிறது, மழைக்காலத்தில் போடுபவர்கள் அதைப் பார்க்கலாம்.

ருசிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் கடைக்குப் போனால் நாட்டுத் தக்காளியா, பெங்களூர் தக்காளியா என்று கேட்பார்கள். கெட்டித் தோல், நீள உருண்டை, புளிப்பில்லாதது எல்லாம் பெங்களூர் கணக்கு. அம்மா கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் அந்தத் தக்காளியில் ரசம் வைத்துவிட்டு, "தக்காளிக்கும் சேர்த்துப் புளி கரைக்க வேண்டியிருக்கிறது" என்றாராம். இன்றும் சொல்லிச் சிரிப்பார். எங்கள் மாடியில் பி.கே.எம் வந்த பிறகு ரசத்துக்குப் புளி பாதியாகக் குறைந்தது. நாலு பழத்தைக் கையால் பிசைந்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கினால் போதும். ரக்ஷக்கைத் தொக்குக்கும் குருமாவுக்கும் ஒதுக்கிவிட்டேன், அதற்குத்தான் அந்தச் சதை.

கோலார்ச் சந்தையிலிருந்து லாரி லாரியாகப் போகிற தக்காளி தோல் கெட்டியாக இருந்தே ஆக வேண்டும். பெட்டிக்கு 15 கிலோ அடுக்கி, பெட்டி மேல் பெட்டி வைத்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். விவசாயி மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாடியிலிருந்து அடுப்படிக்குப் படி இறங்கும் தக்காளிக்கு அந்தத் தோல் தேவையில்லை, அவ்வளவுதான்.

21 ஏப்ரல்

செரி தக்காளி பற்றி: குழந்தைகள் இருக்கிற வீட்டில் கட்டாயம் ஒரு பை போடுங்கள். வெயிலையும் மற்றதை விட நன்றாகத் தாங்கும். சாம்பாருக்கு ஆகாது.

27 ஏப்ரல்

ஹொரமாவுவிலிருந்து ஒருவர் கேட்கிறார்: நேற்று மதியம் வரை நன்றாக இருந்த செடி சாயங்காலம் தொங்கிவிட்டது, இலை மஞ்சளாகவில்லை, மண்ணும் ஈரமாகத்தான் இருக்கிறது.

தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். அடித்தண்டில், மண்ணை ஒட்டி, ஒரு விரல் நீளத் துண்டை வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி, டம்ளர் விளிம்பில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். ஆட்டாமல் சில நிமிஷம் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால் நூலாக வெள்ளை இழை கீழே இறங்கினால் பாக்டீரியா வாடல். ஒன்றும் வராமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பூஞ்சை வாடல். வேரைப் பிடுங்கும்போது முடிச்சு முடிச்சாகப் பருத்திருந்தால் நூற்புழு.

இழை வந்தால் அந்தச் செடி போய்விட்டது. மண்ணோடு சேர்த்து வெளியேற்றுங்கள். அந்தப் பைக்குப் போட்ட கத்தரிக்கோல், களைக்கொட்டு எல்லாம் கொதிநீரில் கழுவுங்கள். அந்த மண்ணில் தக்காளி, கத்திரி, மிளகாய், உருளை எதுவும் வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம்.

28 ஏப்ரல்

ஹொரமாவு நண்பர் போட்டோ அனுப்பியிருந்தார். இழை தெளிவாகத் தெரிகிறது. வருத்தமாக இருக்கிறது, காய் நிறைய இருந்த செடி. பச்சைக் காய்களைப் பறித்துவிடுங்கள், சாப்பிட ஒரு குறையும் இல்லை. பக்கத்துப் பைகளின் தண்ணீர் வழிந்து ஒன்றோடொன்று சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

4 மே

பனசங்கரியிலிருந்து ஒரு அக்கா, "மார்ச்சோடு பிடுங்கு என்று நீங்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், என் செடி இப்போதும் காய்க்கிறது" என்று எழுதியிருக்கிறார். படிக்க ஆசையாக இருந்தது, விவரம் கேட்டேன். அவர் மாடி கிழக்குப் பார்த்தது. மதியம் ஒரு மணிக்கு மேல் பக்கத்து வீட்டு முருங்கை மர நிழல் விழுகிறது. தரை முழுக்க வேறு தொட்டிகள், அதனால் தளம் சூடாவதும் குறைவு.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: பிடுங்கும் தேதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. விதைக்கும் தேதியில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் முடிக்கும் தேதியைச் செடியிடம் கேட்க வேண்டும். தொடர்ந்து இரண்டு கொத்துப் பூ காய் பிடிக்காமல் உதிர்ந்தால், அதுதான் உங்கள் மாடியின் சீசன் முடிவு. சாயங்கால நிழல் இருப்பவர்களுக்கு அது மே வரை தள்ளிப்போகும். எங்களைப் போல நாள் முழுக்கக் காய்கிற மாடிக்கு மார்ச் கடைசி. 50 சத நிழல்வலை கட்டினால் எனக்கும் கொஞ்சம் நீளலாம். வரும் வருஷம் இரண்டு பைகளுக்கு மட்டும் கட்டிப் பார்க்கப் போகிறேன்.

அக்கா இன்னொன்றும் சொன்னார், நீலப் பட்டை போட்ட தேனீ தினமும் வருகிறதாம். அது பெரிய பாக்கியம். தக்காளிப் பூவின் மகரந்தம் குழாய்க்குள் அடைந்திருக்கும், பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் உதிரும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீயும் தச்சுத் தேனீயும் செய்யும். இரண்டும் வராத மாடியில் காலை பத்து மணி வாக்கில் பூக்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். காற்று நன்றாக அடிக்கிற உயரமான மாடிக்கு அதுவும் தேவைப்படாது.

11 மே

20 ரூபாய்க் கணக்குக்கு இப்போது வருகிறேன். இந்தக் கணக்கை எல்லா வருஷமும் யாராவது போடுகிறார்கள்.

2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியது, கோலாரில் 15 கிலோ பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டிப் போனது. அப்போது மாடியில் தக்காளி இருந்தவர்களை ஊரே பொறாமையோடு பார்த்தது. ஆனால் அந்த மாதிரி வருஷத்தைக் காட்டி லாபம் பேச நான் விரும்பவில்லை. மற்ற வருஷங்களில் மண், பை, வலை, நம் நேரம் எல்லாம் சேர்த்தால் கடைத் தக்காளிதான் மலிவு. பணம் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கீரை போடுங்கள், கொத்தமல்லி போடுங்கள், கறிவேப்பிலை ஒன்று வையுங்கள். தக்காளி போடுவது பழுத்த அன்று பறிப்பதற்காக. சந்தைக்குப் போகிற காயை நிறம் திரும்பும்போதே பறித்துவிடுவார்கள். செடியிலேயே முழுக்கச் சிவந்து, காம்பைத் தொட்டதும் கையோடு வருகிற பழத்தின் மணம் கடையில் கிடைக்காது. அதற்கு எவ்வளவு விலை என்று அவரவர் தீர்மானிக்க வேண்டியதுதான்.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது, அதையும் பேச வேண்டும். 2024 மார்ச்சில் நகரமே டேங்கருக்குக் காத்து நின்றபோது குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. அது சரியான உத்தரவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எங்கள் தெருவில் பிள்ளைகள் குளிக்கத் தண்ணீர் இல்லாத வாரத்தில் தக்காளிக்குக் காவேரித் தண்ணீர் ஊற்ற யாருக்கும் மனசு வராது. அந்த வருஷம் அரிசி, பருப்பு, காய் கழுவிய தண்ணீரை மட்டும் வாளியில் சேர்த்து மேலே கொண்டுபோனேன். பாதிப் பைகளை அதற்கு முன்பே காலி செய்துவிட்டோம். வாஷிங் மெஷின் தண்ணீர் வேண்டாம், சோப்பு உப்பு மண்ணைக் கெடுக்கும். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை அப்படியே ஊற்றாமல் பாதிக்குப் பாதி நல்ல தண்ணீர் கலந்து ஊற்றலாம்.

செப்டம்பரில் விதைத்து மார்ச்சில் முடித்தால், தண்ணீர் கடினமாகும் மாதங்களில் மாடியில் தாகமுள்ள செடி இருக்காது. நான் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

20 மே

முந்தாநாள் ராத்திரி மழை. நகரத்தில் பல இடங்களில் 100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, ஹொரமாவுப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். அங்கே இருப்பவர்கள் பத்திரமா? தோட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

21 மே

சரி, ஹொரமாவு நண்பர் நலம் என்று எழுதிவிட்டார். பைகள் மாடியில் இருந்ததால் தப்பித்தன.

மழைக்குப் பிறகு பழம் வெடிப்பது பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். காய்ந்து கிடந்த வேர் ஒரே ராத்திரியில் தண்ணீரை இழுத்தால் உள்ளே சதை பெருக்கும், தோல் அந்த வேகத்துக்கு விரியாது. காம்பைச் சுற்றி வளையமாகவும், தோளிலிருந்து கீழே நீளமாகவும் வெடிக்கும். வெடித்த பழத்தை அன்றே சமைத்துவிடுங்கள், மறுநாள் பூஞ்சை ஏறும்.

மேகம் கட்டுவதைப் பார்த்தால் நிறம் திரும்பிய காய்களை எல்லாம் முன்கூட்டியே பறித்துவிடுவது நல்லது. வீட்டுக்குள்ளேயே பழுக்கும். முழு அளவு வந்து, பச்சை கொஞ்சம் வெளுத்து, அடியில் வெள்ளையாக நட்சத்திரம் மாதிரி தெரிகிற காயும் பழுக்கும். கரும்பச்சையாக, கல்லாக இருப்பது பழுக்காது, அதைப் பாசிப்பருப்போடு கூட்டு வையுங்கள், இல்லை பச்சைமிளகாய் வதக்கித் துவையல் அரையுங்கள். பழுக்க வைப்பதைத் தட்டில் செய்தித்தாள் விரித்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, பக்கத்தில் ஒரு வாழைப்பழம் வைத்தால் சீக்கிரம் சிவக்கும். ஃப்ரிட்ஜில் வைத்தால் பழுப்பதும் நிற்கும், மணமும் போய்விடும்.

செடியிலேயே விட்டும் பழம் மஞ்சளாகவே நிற்கிறது, சிவக்கவில்லை என்ற கேள்விக்கும் இதுதான் விடை. 30, 32 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறம் உருவாவது நின்றுவிடும். பறித்து நிழலில் வையுங்கள்.

25 மே

பழைய மண்ணை என்ன செய்வது? பருவமழை நேற்றே கேரளத்தில் இறங்கிவிட்டது, வழக்கத்தை விட ஒரு வாரம் முன்பு. அதனால் மண்ணை வெயிலில் வேகவைக்கும் வேலைக்கு இனி நேரமில்லை. ஏப்ரலில் செய்திருந்தால், மண்ணை நனைத்து, கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, நாலைந்து வாரம் விட்டிருக்கலாம். பூஞ்சையும் நூற்புழுவும் நன்றாகக் குறையும். கறுப்புத் தாளை விடத் தெளிவான தாள்தான் உள்ளே சூட்டை ஏற்றும்.

இப்போது செய்யக்கூடியது: நோயில்லாத பை மண்ணைக் கொட்டிக் கிளறி, வேரை எல்லாம் பொறுக்கி, தொழுவுரம் மூன்றில் ஒரு பங்கு, ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்து வையுங்கள். ஜூனில் அவரையோ கொத்தவரையோ போடுங்கள். நூற்புழு இருந்த பையில் துலுக்கச் சாமந்தி. அதன் வேரில் ஊறும் சத்து நூற்புழுவுக்கு ஆகாது. ஆயுதபூஜைக்குப் பூவும் ஆச்சு.

வைரஸ் வந்த செடியை உரக்குழியில் போட்டால் நோய் திரும்ப வரும் என்று ஒருவர் எச்சரித்திருக்கிறார். அது சரியில்லை. இந்த வைரஸுக்கு உயிருள்ள செடியும் ஈயும் வேண்டும், மக்கிய இலையில் இருக்காது. நன்றாகக் காய வைத்து, ஈ இல்லை என்று பார்த்துப் போடலாம். பாக்டீரியா வாடல் வந்தது மட்டும் கூடவே கூடாது.

1 ஜூன்

விதை கேட்டவர்களுக்கு. பி.கே.எம் விதை கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறேன், லிங்கராஜபுரம் பக்கம் வருபவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

நீங்களே எடுப்பதாக இருந்தால், வைரஸ் தொடாத செடியாகப் பார்த்து, இரண்டாம் மூன்றாம் கொத்தில் நன்றாகப் பழுத்த பழம் எடுங்கள். விதையைச் சுற்றி வழவழவென்று ஒரு கூழ் இருக்கும், அது முளைப்பைத் தடுக்கும். விதையும் கூழுமாகக் கண்ணாடிக் கிளாசில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். மேலே வெள்ளை ஆடை கட்டும், வாடை அடிக்கும். அப்போது கலக்கி, மிதப்பதைக் கொட்டி, அடியில் தங்கிய விதையை வடிகட்டியில் அலசுங்கள். தட்டில் பரப்பி நிழலில் காய வைக்க வேண்டும். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. நன்றாகக் காய்ந்த விதை மேல் சின்னச் சின்ன ரோமம் தெரியும், கையில் எடுத்தால் தனித்தனியாக உதிரும்.

அர்க்கா ரக்ஷக் விதையையும் இப்படி எடுக்கலாமா என்று கேட்டால், முளைக்கும், ஆனால் தாயைப் போல வராது. ஒரு செடி தாங்கும், இன்னொன்று சுருளும். ஒவ்வொரு வருஷமும் புதிதாக வாங்குவதே நல்லது.

2 ஜூன்

போன வருஷ விதை முளைக்குமா என்பதற்கு: சரியாகக் காய வைத்து, ஈரம் படாமல் மூடி வைத்த தக்காளி விதை மூன்று நாலு வருஷம் தாராளமாக இருக்கும். சந்தேகமிருந்தால் ஆகஸ்ட்டில் பத்து விதையை ஈரத் துணியில் மடித்து, டப்பாவில் மூடி, சமையலறை அலமாரியில் வையுங்கள். ஒரு வாரத்தில் ஏழெட்டாவது வால் விட்டிருந்தால் மிச்சத்தைத் தைரியமாக விதைக்கலாம். பாதிக்குக் கீழே என்றால் அந்த மாதமே புது விதைக்குச் சொல்லிவிடுங்கள், செப்டம்பர் கடைசிக்குள் கையில் இருக்க வேண்டும்.